வீட்டிலிருந்தே தொழில்: பணம் கட்டுவதற்கு முன் நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இலையும் தூளும் ஏஜென்டிடமிருந்து வருகின்றன. ஆம்பூர்ப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பவருக்குத் தோலும் வீடு தேடி வந்துவிடுகிறது. கூலி மிகவும் குறைவு என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ஆயினும் இவ்வேலைகளில், உழைக்க வந்தவரிடமே முன்பணம் கேட்கும் வழக்கம் இல்லை. கண்ணெதிரே இருக்கும் இந்த நடைமுறையை மறந்து, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பணத்தைக் கட்டிவிடுவதே முதல் தவறு.

இரண்டாவது தவறு, 'நீங்கள் செய்யும் பொருளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற பேச்சை நம்பி இயந்திரம் வாங்குவது. எங்கள் தெருவில் ஓர் அக்கா நகையை அடகு வைத்துப் பேப்பர் தட்டு இயந்திரம் வாங்கினார். முதல் இரண்டு முறை இயந்திரம் விற்றவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்தார்கள். மூன்றாம் முறை, ஓரம் சரியாக மடியவில்லை என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது, ஐந்தாம் பத்தியில் சிறிய எழுத்தில், தரம் பற்றிய இறுதி முடிவு விற்றவருடையதே என்று இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்க வழியில்லை. உள்ளூரில் விற்கலாம் என்றால், அவர் செய்தவை பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டுகள். அவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். இயந்திரம் இன்றும் பழைய சேலை போர்த்தியபடி தாழ்வாரத்தில் கிடக்கிறது.

அவர் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே, கடையில் கிடைக்கும் அதே போன்ற தட்டுகளில் பத்தை எடுத்துக்கொண்டு வேலூர் லாங்கு பஜாரில் நான்கு மொத்தக் கடைகளில் விலை கேட்டிருந்தால் பாதி உண்மை தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்குக் கணக்குப் போட வேண்டும். ஒரு தட்டுக்கு 30 காசு நிற்கும் என்றால் 1,000 தட்டுக்கு 300 ரூபாய். அதில் மின்சாரம், சேதாரம், ஆட்டோ வாடகை ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சியதை உழைத்த மணிகளால் வகுத்துப் பார்க்காமல் 'மாத வருமானம்' என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது.

பொருளைவிட ஆள் சேர்ப்பதற்கே அதிகப் பணம் வரும் திட்டத்தை வீட்டுத் தொழில் என்று எண்ணுவதும் தவறு. இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளும் ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிடு முறையை அனுமதிப்பதில்லை. அழைப்பவர் பெரும்பாலும் நம் சொந்தக்காரராகவே இருப்பதால், 'வேண்டாம் மாமா' என்று சொல்ல நாக்கு எழாது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

சான்றிதழைக் கண்டதும் மயங்குவது இன்னொன்று. சிறு, குறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அது நாணயத்துக்கான சான்று அன்று. அதை வாங்கித் தருவதாக ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும் எச்சரிக்கை தேவை. கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரடியாகவே விசாரிக்கலாம்.

டேட்டா என்ட்ரி வேலையில் பிழை அதிகம் என்று கூறி, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என மிரட்டினால் பயந்து பணம் அனுப்ப வேண்டாம். தொலைபேசியில் 'டாஸ்க்' என்று சின்னச் சின்ன வேலை கொடுத்து முதலில் நம் கணக்கில் சில நூறு ரூபாய் போட்டுவிட்டுப் பிறகு பெரிய தொகை கேட்பதும் இதே வலைதான். பணம் போய்விட்டால் வீட்டாருக்குத் தெரியக் கூடாதென்று நாள் கடத்தாமல், அந்த நிமிடமே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் தர வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.