டிஷ்வாஷர் பழுது: அவசரத்தில் செய்யும் தவறுகள்

டிஷ்வாஷர் பாதியில் நின்றுவிட்டால் பதற்றம் வருவது இயல்பு. உள்ளே கழுவியும் கழுவாமலும் பாத்திரங்கள், அடியில் கலங்கிய நீர், முகப்பில் புரியாத ஒரு பிழைக்குறி. உடனே எதையாவது செய்து அதை ஓடவைக்கத்தான் கை பரபரக்கும். சிறிய அடைப்பாக இருந்த கோளாறு பம்பையோ மின்பலகையையோ மாற்றும் அளவுக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பரபரப்பில்தான்.

இந்த இயந்திரம் செய்யும் வேலை எளிமையானது. நீர் உள்ளே வருகிறது, சூடாகிறது, பம்ப் அதைச் சுழல் கைகளின் துளைகள் வழியே பீய்ச்சுகிறது, அழுக்கு நீர் வெளியேறுகிறது. பெரும்பாலான கோளாறுகள் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எது நின்றது என்று பார்க்காமல் கை வைப்பதே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஓடும்போது கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணீரே வரவில்லை" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். டிஷ்வாஷர் தொட்டி போல நிரம்புவதில்லை. ஒரு தடவைக்குச் சுமார் 3 முதல் 4 லிட்டர் நீரை மட்டுமே எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பப் பீய்ச்சும். அடிப்பகுதியில் மட்டும் நீர் நிற்பது சரியான அளவுதான். உண்மையாகவே நீர் வரவில்லையென்றால், வால்வை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை இவை: குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, நீர் வரும் ஹோஸ் இயந்திரத்தின் பின்னால் மடங்கிக் கிடக்கிறதா, ஹோஸ் முனையில் இருக்கும் சிறிய கம்பிவலையில் மண் சேர்ந்திருக்கிறதா. அடித்தளத்தில் மிதவை உள்ள மாடல் என்றால், அது மேலேயே சிக்கி நின்றாலும் இயந்திரம் "போதுமான நீர் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். இயந்திரம் தொடங்கவே மறுத்தாலும் பதற வேண்டாம். கதவு முழுதாகப் பூட்டாதது, குழந்தைப் பூட்டு, தாமதத் தொடக்கம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம்

முகப்பிலுள்ள பொத்தானை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விடுவது ஆபத்தானது. பொத்தான் அணைந்திருந்தாலும் உள்ளே மின்பலகைவரை மின்சாரம் வந்து நிற்கும். பிளக்கைக் கழற்ற வேண்டும். நேரடி இணைப்பாக இருந்தால் அதற்குரிய சர்க்கியூட் பிரேக்கரை அணைக்க வேண்டும். நீர்க்குழாயையும் மூடிவிடுங்கள். கழுவும் நீர் சில புரோகிராம்களில் 70 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால், ஆறும்வரை பொறுத்திருப்பதும் பாதுகாப்புக்காகத்தான்.

டிஷ்வாஷர் ஓடும்போது வீட்டின் மின்கசிவுத் தடுப்பான் விழுந்தால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். தொடங்கும்போது நன்றாக ஓடி, நீர் சூடாகத் தொடங்கும் நேரத்தில் அது விழுகிறதென்றால் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். ஓர் உயிரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்ட கருவி அது. அது எச்சரிக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதுதான் சரி. எக்ஸ்டென்ஷன் கம்பியில் செருகி ஓட்டுவதும் கூடாது. சுமார் 2,000 வாட் இழுக்கும் ஹீட்டரை அந்தக் கம்பி தாங்காமல் சூடேறும்.

நீர் வடியாதபோது

வீட்டில் வரும் கோளாறுகளில் இது மிகச் சாதாரணமானது. நாமே சரிசெய்யக்கூடியதும் இதுதான். ஆனால் தவறுகளும் இங்கேதான் அதிகம் நடக்கின்றன.

வடிகட்டிக்குக் கீழே உள்ள குழியில் கொஞ்சம் நீர் நிற்பது இயல்பு; அது ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்காமல் காக்கிறது. வடிகட்டிக்கு மேலே, இயந்திரத்தின் அடித்தளம் முழுதும் நீர் பரவி நின்றால்தான் கோளாறு. அப்போது கழிவுக்குழாய் அடைப்பை நீக்கும் ரசாயனத்தை ஊற்றும் எண்ணம் வந்தால், அதைக் கைவிட்டுவிடுங்கள். அந்தக் காரம் ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும், மிச்சம் பாத்திரங்களில் தங்கும், பிறகு திறந்து வேலை செய்பவரின் கைகளையும் கண்களையும் பதம்பார்க்கும்.

நீரை ஒரு குவளையால் மொண்டு, மீதியைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உருளை வடிகட்டியைத் திருகிக் கழற்றினால், அதன் வலையில் கொழுப்பும் மாவும் சேர்ந்த வழவழப்பான படலம் ஒட்டியிருக்கும். வெந்நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். கம்பி நாரால் தேய்த்தால் வலை கிழியும். வடிகட்டியை வெளியே வைத்துவிட்டு "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்" என்று ஓட்டுவது பெரும் தவறு. அந்த ஒரு தடவையிலேயே எலுமிச்சை விதையோ பல் குச்சியோ கண்ணாடித் துண்டோ நேரே பம்புக்குள் போய்விடும்.

வடிகட்டிக்குக் கீழே, அழுக்கு நீரை வெளியேற்றும் பம்பின் மூடி இருக்கும். பல மாடல்களில் கரண்டிக் காம்பால் நெம்பினாலே அது வந்துவிடும். அங்கே விரலால் துழாவ வேண்டாம். உடைந்த டம்ளரின் சில்லு நீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்து இடுக்கியால் எடுங்கள். ஜாடிகளில் ஒட்டியிருந்த காகித லேபிள்கள் ஊறிக் கூழாகி, பம்புக்குள் நீரைத் தள்ளும் சிறகுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு.

இனி கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். அந்தச் சிறகுச் சக்கரத்தை ஒரு குச்சி முனையால் மெல்லத் திருப்புங்கள். அது மின்விசிறி போல் லேசாகச் சுழலாது. முதலில் முரண்டு பிடிக்கும், சட்டென்று ஒரு தாவு தாவும், மறுபடி நிற்கும். இதைப் பார்த்து "பம்ப் இறுகிவிட்டது" என்று புதுப் பம்ப் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே நிலைக்காந்தம் வைத்த மோட்டார் அப்படித்தான் விட்டு விட்டுத் திரும்பும். அது நல்ல பம்பின் இயல்பு. கொஞ்சமும் அசையாமல் நின்றாலோ, தளர்ந்து ஆடினாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

மூடியையும் வடிகட்டியையும் திரும்பப் பொருத்தும்போது இறுக்கமாக அமர்ந்ததா என்று சரிபாருங்கள். பம்ப் மூடி சரியாக அமராவிட்டாலும் நீர் வடியாது. எல்லாம் சுத்தமாக இருந்தும் நீர் நின்றால், வடிகால் ஹோஸைப் பாருங்கள். சுத்தம் செய்ய இயந்திரத்தை வெளியே இழுத்துத் திரும்பத் தள்ளியபோது அது நசுங்கியிருக்கலாம். சமையலறை சிங்க் தொட்டிக்கடியில் புதிதாக உணவுக்கழிவு அரைக்கும் கருவி பொருத்தியிருந்தால், டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் வாயிலிலுள்ள அடைப்புத் தட்டு தட்டி எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம். ஹோஸ் மேலே உயர்ந்து வளைந்து பிறகு இறங்க வேண்டும். தரையோடு தரையாகக் கிடந்தால் சிங்க் தொட்டியின் அழுக்கு நீர் திரும்பி வரும்.

பாத்திரம் சுத்தமாகாதபோது

1886-இல் ஜோசஃபின் காக்ரன் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: தேய்ப்பதற்குப் பதில், நீரின் அழுத்தம் கழுவுகிறது. அழுத்தம் குறைந்தால் எத்தனை டிடர்ஜெண்ட் போட்டாலும் பயனில்லை. ஆனால் சுத்தமாகவில்லை என்றதும் நாம் முதலில் செய்வது டிடர்ஜெண்டைக் கூட்டுவதுதான்.

சுழல் கைகளைக் கழற்றி, துளைகளைப் பல் குச்சியால் குத்தி, குழாய் நீரில் அலசுங்கள். ஓடும்போது அவை உண்மையில் சுழல்கின்றனவா என்று அறிய ஒரு வழி உண்டு. கை எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கதவை மூடிச் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு, நிறுத்தித் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றால், நீண்ட கரண்டி எதுவோ கூடையின் அடியில் நீட்டிக்கொண்டு அதைத் தடுக்கிறது. டிடர்ஜெண்ட் மாத்திரை கரையாமல் கிடந்தால், அதன் பெட்டி திறக்க முடியாதபடி உயரமான தட்டு ஒன்று எதிரே நிற்கிறதா என்று பாருங்கள்.

பாத்திரங்களை முன்பே பளிச்சென்று கழுவி வைப்பதும் நன்மை செய்யாது. நீரின் கலங்கலை அளக்கும் உணரி உள்ள இயந்திரங்கள், தெளிந்த நீரைக் கண்டதும் கழுவும் நேரத்தைக் குறைத்துவிடும்; ஒட்டியிருந்த ஓரிரு கறைகள் அப்படியே தங்கும். டிடர்ஜெண்டிலுள்ள நொதிகளுக்கும் கறை வேண்டும். திடப்பொருளை வழித்துப் போட்டாலே போதும்.

கண்ணாடி மங்கினால் உடனே நீரின் சுண்ணாம்புப் படிவு என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு டம்ளரில் வினிகரைத் தொட்டுத் தேயுங்கள். மங்கல் மறைந்தால் அது சுண்ணாம்புப் படிவு. நீரை மென்மையாக்கும் உப்பும், கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மறையாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. அது திரும்ப வராது. மிக மென்மையான (சுண்ணாம்பு குறைந்த) நீர், அதிக டிடர்ஜெண்ட், அதிக வெப்பம் மூன்றும் சேர்ந்தால் அப்படி நடக்கும். இரண்டுக்கும் தீர்வு நேர் எதிரானது என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு டிடர்ஜெண்டைக் கூட்டுவது எஞ்சிய கண்ணாடிகளையும் கெடுத்துவிடும்.

ரின்ஸ் எய்ட் பெட்டியில் வினிகரை நிரப்பி வைக்க வேண்டாம். நாளடைவில் ரப்பர் பாகங்கள் கெடும். படிவு நீக்க, காலி இயந்திரத்தில் அதற்கென விற்கும் மருந்தையோ சிட்ரிக் அமிலத்தையோ எப்போதாவது போட்டு ஓட்டினால் போதும். குளோரின் பிளீச் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது.

உப்புத் தொட்டி உள்ள மாடல்களில் சமையல் உப்பைப் போடாதீர்கள். அதன் நுண்ணிய தூளும் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் நீரை மென்மையாக்கும் பகுதியை அடைத்துவிடும். டிடர்ஜெண்டைத் தவறுதலாக அதில் கொட்டினால் அந்தப் பகுதியே பாழாகிவிடும். உப்பு நிரப்பியதும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்புநீர் எஃகில் துருவை உண்டாக்கும்.

கடைசியில் பிளாஸ்டிக் பாத்திரங்கள் ஈரமாக வருவது பழுதே அல்ல. பிளாஸ்டிக் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை, அதனால் காய்வதும் இல்லை.

நுரையும் கசிவும்

டிஷ்வாஷர் டிடர்ஜெண்ட் தீர்ந்துபோனால் கையால் கழுவும் திரவத்தில் ஒரு துளி விடலாம் என்று தோன்றும். வேண்டாம். அது நுரைக்கவே செய்யப்பட்டது. நுரை பம்புக்குள் போனால் அழுத்தம் கிடைக்காது, கதவு விளிம்பில் வழிந்து தரையில் ஓடும். நடந்துவிட்டால், ஓட்டத்தை நிறுத்தி, நுரை அடங்கும்வரை விட்டு, மொண்டெடுத்துவிட்டு, எதுவும் போடாமல் அலசும் புரோகிராமை மட்டும் ஓட்டுங்கள்.

கசிவைக் கண்டதும் கதவு ரப்பரை மாற்றச் சொல்வார்கள். அதற்குமுன் கீழ்ச் சுழல் கையின் இரு பாதிகளும் ஒட்டியிருக்கும் ஓரத்தைப் பாருங்கள். அது பிளந்திருந்தால் நீர் கதவின் அடிவிளிம்பை நோக்கிப் பீறிடும். எத்தனை புது ரப்பர் போட்டாலும் நிற்காது. இயந்திரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் கசியலாம்.

பல மாடல்களில் அடித்தட்டில் நீர் சேர்ந்தால் ஒரு மிதவை எழும்பி, பம்பை விடாமல் ஓடச் செய்யும். போஷ் இயந்திரங்களில் இதை இ15 என்ற குறி காட்டும். இயந்திரத்தைச் சாய்த்து நீரை வடித்தால் குறி மறைந்துவிடும் என்ற யோசனை இணையத்தில் பரவலாக இருக்கிறது. மறைவது உண்மை. ஆனால் அடித்தட்டுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சில நாள் கழித்து அதே குறி திரும்ப வந்தால், கசிவைத் தேடாமல் மறுபடி சாய்ப்பது மின்பாகங்களை நீரில் நனைய விடுவதாகும். சாய்ப்பதையும் தனியாகச் செய்ய வேண்டாம், இயந்திரம் கனமானது.

ஹீட்டர், மின்பலகை, நீரைப் பீய்ச்சும் முதன்மைப் பம்ப் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் உறையின் திருகைக்கூடத் தொடாதீர்கள். அவரை அழைக்கும்முன், மின்சாரத்தை அணைத்தால் பிழைக்குறி அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, நீர் சூடாக இருந்ததா, அடியில் எவ்வளவு நின்றது என்று குறித்துவையுங்கள். மாடல் எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். அதையும் படம் எடுத்து அனுப்பினால், சரியான உதிரிபாகத்தோடு ஒரே வருகையில் வேலையை முடிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.