பழைய துணியில் அன்றாட உடுப்பு: எடுப்பது, திருத்துவது, சேர்த்து உடுத்துவது

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழைய துணியில் ஒரு வசதி உண்டு. ஒரே பெட்டியில் இரண்டு ஊர்த் துணி கிடக்கும். ஜரிகைக் கரை வைத்த கேரளத்துக் கசவு முண்டும், அதோடு மேலே போடும் நேரியதும் ஒரு பக்கம்; நெகமம் காட்டன் சேலை, டெய்லரிடம் தைத்த அப்பா காலத்துச் சட்டை இன்னொரு பக்கம். பஸ் ஏறினால் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சிய உருப்படிகள் அங்கே குவியலாக வரும். இத்தனை இருந்தும், ஆசைப்பட்டு எடுத்த பழைய உருப்படிகளில் பாதி உடுத்தப்படாமல் கிடக்கின்றன. நிறத்தையும் டிசைனையும் பார்த்து எடுப்பதுதான் காரணம். முதலில் துணி, அடுத்தது தோள் அளவு, நிறம் கடைசி. இந்த வரிசை மாறாமல் இருந்தால் எடுத்ததெல்லாம் உடம்புக்கு வரும்.

வீட்டில் தொடங்குங்கள்

பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று மைக் கட்டிக்கொண்டு தெருவில் வருபவர்களுக்குத் தேவை ஜரிகையில் உள்ள வெள்ளி மட்டும். துணிக்கு அவர்கள் விலை போடுவதில்லை. பாத்திரத்துக்குப் பழைய துணி எடுப்பவரும் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. அவர்களிடம் மூட்டையைக் கொடுக்கும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கைத்தறி, பட்டு, தடித்த பருத்தி மூன்றையும் தனியே எடுத்து வையுங்கள்.

பாலக்காட்டு அக்ரஹார வீடுகளில் பாட்டிமார் கட்டிய ஒன்பது கஜம் சேலை பெட்டியிலேயே கிடக்கும். ஒன்பது கஜம் என்றால் ஏறத்தாழ 8.2 மீட்டர். முந்தானைப் பக்கமிருந்து 5.5 மீட்டர் அளந்து வெட்டினால் இன்றைக்குக் கட்டுகிற சேலை நீளம் வந்துவிடும். மீதி 2.7 மீட்டரில் ஒரு குர்தா தைக்கலாம். கத்திரி வைக்கும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள். கல்யாணக் கூறையாக இருந்தால் வெட்டாமல் விடுவதே சரி.

துணியைச் சோதிப்பது

குவியல் கடைக்குக் காலையிலேயே போங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கறை தெரியாது. இன்ச் டேப்பும் ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டையும் கையில் இருக்கட்டும்.

உருப்படியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். சட்டையில் அக்குள், காலர் மடிப்பு, முழங்கை. பேண்டில் தொடை இடுக்கு, உட்காரும் இடம். சேலையில் கொசுவத்தின் கீழ் ஓரம், தோளில் ஊக்குக் குத்தும் இடம். துணி நைவது இங்கேதான். வலைபோலத் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. அடுத்து, இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாவு (நீள) வாக்கில் ஒரு தடவை, ஊடை (குறுக்கு) வாக்கில் ஒரு தடவை மெதுவாக இழுங்கள். மெலிதாக 'சர்'ரென்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். பட்டு என்றால் மடிப்புக் கோட்டைக் கட்டாயம் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டிலேயே விடும்; ஒட்டுப் போட்டாலும் பக்கத்தில் மறுபடி கிழியும்.

பருத்தியா கலப்பா என்று தெரியாவிட்டால், வாங்கிய பிறகு உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். கரிந்த நுனி விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கடையிலேயே தெரிய வேண்டுமானால் சேலை, வெட்டுத்துணியின் கரையைப் பாருங்கள். மில் துணிகளில் மில் பெயரும் '67% பாலியஸ்டர் 33% காட்டன்' போன்ற விகிதமும் அங்கே அச்சடித்திருக்கும்.

எவ்வளவு பழசு என்று அறிய ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு அடையாளம். காலரில் உள்ள டெய்லர் லேபிளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972க்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடு வந்ததே அந்த வருடம்தான். கைத்தறி முத்திரை லேபிள் இருந்தால் 2006க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. பழங்காலத்துச் சேலை என்று அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கறையில் எது போகும், எது போகாது என்று தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள்பொடிக் கறை வெயிலில் தானே வெளுக்கும், பயப்பட வேண்டாம். துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசினால் பெரும்பாலும் விடும். சாயத் துணியானால் முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள். வாழைக்கறை போகாது. தோட்டம் உள்ள ஊர்களில் வேட்டியிலும் லுங்கியிலும் பழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். மழைக்காலத்தில் பிடித்த கரும்புள்ளிப் பூஞ்சையும் பருத்தியின் இழைக்குள் இறங்கிவிட்டால் நிழல் தங்கிவிடும். கரும்பச்சை, நேவி என்று அடர் சாயம் ஏற்றுவதானால் மட்டும் எடுங்கள்.

அளவு

லேபிளில் உள்ள நம்பரை நம்ப வேண்டாம். ஒரே '40' ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையையும் ஒரு பேண்டையும் தரையில் விரித்து அளந்து, போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தோள் தையலிலிருந்து தோள் தையல், அக்குளிலிருந்து அக்குள், மொத்த நீளம், பேண்டுக்கு இடுப்பு, தொடை, இடுக்கிலிருந்து கால் நீளம். 38 அங்குல மார்புக்கு அக்குள்-அக்குள் 21 அங்குலம் இருந்தால் நம் வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கும்.

தோள் பொருந்தினால் மற்றதைத் திருத்தலாம். தோள் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே தொங்கினால், கையைக் கழற்றி, தோளை வெட்டி, கைக்குழியைத் திரும்ப வளைத்து வைக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுச் சட்டையே தைத்துவிடலாம். தொளதொளவென்று மேலே போட்டுக்கொள்ளத்தான் எடுக்கிறீர்கள் என்றால் இது பொருட்டில்லை.

பக்கத் தையலில் ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம் தாராளமாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பாக்கெட் அக்குள் பக்கம் நகர்ந்து தெரியும். பேண்ட் இடுப்பைப் பின் நடுத் தையலில் ஒன்றரை அங்குலம் வரை குறைக்கலாம். மேலும் குறைத்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். பெரிதாக்குவது உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்தது. டெய்லர் தைத்த பழைய பேண்டிலும் ஜாக்கெட்டிலும் ஒரு அங்குலமாவது விட்டிருப்பார்கள். ரெடிமேடில் ஓவர்லாக் அடித்துக் கால் அங்குலம்தான் இருக்கும். பிரித்து விட்ட இடத்தில் பழைய தையல் கோடும் வெளுக்காத நிறமும் தெரியும். அடர் நிறத்தில் அது துலக்கமாகவே தெரியும் என்பதால் வாங்கும் முன்பே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

காலர் மடிப்பில் நைந்த சட்டையை ஒதுக்காதீர்கள். காலரைக் கழற்றித் திருப்பி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும். டெய்லரிடம் போகும்போது வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணா, தோளைத் தொட வேண்டாம். பக்கத் தையல் முக்கால் இன்ச் பிடிங்க, காலரைத் திருப்பி வைங்க." மொட்டையாக 'ஃபிட் பண்ணுங்க' என்றால் அக்குளை இறுக்கித் தந்துவிடுவார்கள், கையைத் தூக்க முடியாது.

பழைய பருத்தியில் ஒரு லாபம்: சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் அளவைச் சரியாகக் கொடுத்துத் தைக்கலாம். புதுத் துணிக்கு விடுவதுபோல் கூடுதல் விட வேண்டியதில்லை.

சுத்தம் செய்வது

வெளியிலிருந்து வந்த எதையும் நேரே பீரோவில் வைக்காதீர்கள். கவரில் கட்டி வாசலிலேயே வையுங்கள். ஈரக் கைக்குட்டையால் உள்மடிப்பில் ஒரு நிமிடம் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாத பருத்தியை 60 டிகிரி தண்ணீரில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். காலர், கைமடிப்பு, இடுப்புப்பட்டி மூன்றையும் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள்.

அக்குள் மஞ்சளுக்குக் குளோரின் பிளீச் ஊற்றுவது பலரும் செய்கிற தப்பு. மஞ்சள் கூடத்தான் செய்யும். 4 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி ஆக்சிஜன் பிளீச் கரைத்து, ஆறு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு தடவை. பட்டுக்கும் ஜரிகைக்கும் இது கூடவே கூடாது. அவற்றுக்குப் பத்துப் பூந்திக்கொட்டையை உடைத்து 2 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, நுரையில் முக்கி எடுத்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

கசவு முண்டுக்கு நீலம் போடாதீர்கள். அதன் நிறம் வெளுக்காத நூலின் தந்த நிறம். நீலம் ஏறினால் சாம்பல் பூத்தது போலாகி, ஜரிகையும் மங்கலாகத் தெரியும். ஜரிகை மேல் நேரே இஸ்திரி வைக்காமல் நடுவில் ஒரு மல் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

சேர்த்து உடுத்துவது

ஒரு உடுப்பில் பழமை தெரிகிற உருப்படி ஒன்று போதும். அகலக் காலர் சட்டை, பெல்பாட்டம், பெரிய பெல்ட் மூன்றும் சேர்ந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா வேஷம் மாதிரி ஆகிவிடும். அந்தச் சட்டைக்கு நேர்வெட்டு நேவி பேண்ட் போட்டு உள்ளே இன் செய்தால் ஆபீசுக்கே போகலாம். மேலே தொளதொளப்பு என்றால் கீழே ஒடுக்கம்; கீழே அகலம் என்றால் மேலே உடம்போடு நிற்பது.

கசவுக்குப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம். வெள்ளை தூக்கலாக நின்று முண்டை அழுக்காகக் காட்டும். இலைப் பச்சை, மெரூன், அவுரி நீலம், செங்காவி இவற்றில் ஒன்று போடுங்கள். தந்த நிறம் எடுப்பாகத் தெரியும்.

பெண்களுக்கு நேரியது நல்ல துப்பட்டா. அதன் அகலம் ஏறத்தாழ 50 அங்குலம் என்பதால் நீளவாக்கில் இரண்டாக மடித்து, கசவுக் கரை வெளியே தெரியும்படி ஒரு தோளில் விடுங்கள். அடியில் கட்டமோ பூவோ இல்லாத கைத்தறிக் குர்தா இருக்கட்டும். குர்தாவைப் பழைய வேட்டியிலும் தைக்கலாம்; எட்டு முழ இரட்டை வேட்டி 3.6 மீட்டர் வரும். கரையைக் குர்தாவின் அடி ஓரத்திலும் கை நுனியிலும் வருமாறு வெட்டச் சொன்னால் தனியாக லேஸ் வேண்டியதில்லை. நெகமம் கட்டச் சேலைக்கு அதே வயதுள்ள ஜாக்கெட்டைத் தேடி அலைய வேண்டாம். கட்டத்தின் மெல்லிய கோட்டில் உள்ள நிறத்தை எடுத்து டூ பை டூ துணியில் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். சேலைக்கு வயதாகியிருந்தாலும் ஜாக்கெட் கச்சிதமாக இருந்தால் மொத்தமும் புதிதாகத் தெரியும்.

அப்பாவின் அரைக்கைச் சட்டையை மகள் போடுவதானால் பட்டனைத் திறந்து விட்டு, உள்ளே பனியன் துணி டீஷர்ட், கீழே காட்டன் பேண்ட். கையை இரண்டு மடிப்பு மடித்தால் தோள் தொங்கல் கண்ணை உறுத்தாது.

எழுபதுகளின் டெரிலின் சட்டைகள் பிரிண்டுக்காக எடுக்கத் தகுந்தவைதான், ஆனால் வியர்வையை வாங்காது. மார்ச், ஏப்ரல் வெயிலில் போட்டால் மதியத்துக்குள் நாறும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது, உள்ளே ஒரு பருத்திப் பனியனோடு அவற்றை உடுத்துங்கள்.

மழைக்காலம்

தென்மேற்கு மழை தொடங்கும் முன், மே மாதத்திலேயே எல்லாவற்றையும் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். கஞ்சிக்காகவே ராமபாணப் பூச்சி வரும். அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு, உடுத்தப்போகும் வாரத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரு டம்ளர் வடிகட்டிய சோற்றுக் கஞ்சியை அரை வாளித் தண்ணீரில் கலந்தால் அன்றாட உடுப்புக்குப் போதும். பட்டை மல் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படாமல் தனித் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று ஆடி முடிவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். பழைய பருத்தி வேட்டியில் தைத்த பை இருந்தால் அதில் போட்டு வையுங்கள்.