ஸ்பீடிங் டிக்கெட் வந்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்: கலிஃபோர்னியாவில் கார் ஓட்டுபவர்களுக்கு

பே ஏரியாவில் கார் இன்சூரன்ஸ் ஏஜென்டாக வேலை பார்க்கிறேன். ஸ்பீடிங் டிக்கெட் வாங்கிய நம் ஆட்கள் என்னிடம் வந்து சேர்வது பெரும்பாலும் தாமதமாகத்தான். ரினியூவல் கடிதத்தில் பிரீமியம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு கூப்பிடுவார்கள். அதற்குள் ஏதாவது செய்வதற்கான காலம் முடிந்திருக்கும். முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளை இப்போது வருகிறவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

டிக்கெட்டைத் தொலைப்பது, கெடு தேதியை விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அது தவறென்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பான மனிதர்கள், பொறுப்பாக நடப்பதாக நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் கலிஃபோர்னியா விதிகள். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் அவரவர் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே பணம் கட்டி முடிப்பது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

ஊரில் பழகிய வழக்கம் ஒன்று நமக்குள் ஊறியிருக்கிறது. அபராதம் கட்டினோம், ரசீது வாங்கினோம், விஷயம் முடிந்தது. இங்கே அப்படி இல்லை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. கோர்ட் அதைத் தண்டனையாகப் பதிந்து டி.எம்.வி.க்கு, அதாவது லைசென்ஸ் தரும் மாநில வாகனத் துறைக்கு, அனுப்பும். டி.எம்.வி. உங்கள் லைசென்ஸ் பதிவில் ஒரு பாயின்ட், அதாவது தவறுக்கான ஒரு புள்ளி, ஏற்றும். அந்தப் பாயின்ட் மூன்று வருடத்துக்கும் கொஞ்சம் மேலாக அங்கேயே இருக்கும். அடுத்த ரினியூவலின்போது இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கும்.

சன்னிவேலில் ஒரு தம்பி. எந்த வம்புக்கும் போகாத ஆள். 280 நெடுஞ்சாலையில் 65 மைல் எல்லையில் 82-ல் போய் மாட்டிக்கொண்டார். கோர்ட் இணையதளத்தில் டிக்கெட் ஏறிய அன்றைக்கே 300 டாலருக்கு மேல் கார்டில் கட்டிவிட்டார். கடன் பாக்கி இருந்தால் தூக்கம் வராத குடும்பத்தில் வளர்ந்தவர். சில மாதம் கழித்து ரினியூவல் வந்தது. "அதைத்தான் அன்னிக்கே கட்டிட்டேனே அண்ணா" என்றார். கட்டியதுதான் பிரச்சினை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அவருக்கு அதற்கு முன் ஒரு டிக்கெட்கூடக் கிடையாது. டிராஃபிக் ஸ்கூலுக்கு முழுத் தகுதி இருந்தது. அதற்கான தேர்வு அதே பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழேயே இருந்திருக்கிறது.

டிராஃபிக் ஸ்கூல் என்பது இதுதான். அபராதத்தை முழுசாகக் கட்ட வேண்டும், அதில் தள்ளுபடி கிடையாது. அதோடு கோர்ட்டுக்குத் தனியாக ஒரு நிர்வாகக் கட்டணம், கவுன்டியைப் பொறுத்துப் பெரும்பாலும் 50, 60 டாலர். அப்புறம் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு சிறு தொகை. வகுப்பை முடித்துத் தேர்வில் தேறினால், தண்டனைப் பதிவு ரகசியமாக்கப்படும். பாயின்ட் உங்கள் மேல் ஏறாது, இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணிலும் படாது. 18 மாதத்துக்கு ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. அந்த 18 மாதத்தை டிக்கெட் வாங்கிய தேதியிலிருந்து டிக்கெட் வாங்கிய தேதிவரை எண்ணுவார்கள். வகுப்பு முடித்த தேதிக்கு அதில் வேலை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1,800 டாலர் பிரீமியம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயின்ட்டால் அது 25 சதவீதம் ஏறினால் வருடத்துக்கு 450 டாலர், மூன்று வருடத்துக்கு 1,350 டாலர். அதைத் தவிர்க்க ஆகும் செலவு 100 டாலருக்குள் இருக்கும், கூடவே ஒரு நாள் உட்கார வேண்டும். எத்தனை சதவீதம் ஏறும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் எந்தக் கம்பெனியை எடுத்தாலும் டிராஃபிக் ஸ்கூல்தான் மலிவு.

இந்த மாநிலத்தில் பாயின்ட்டுக்கு இவ்வளவு கனம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1988-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ம் எண் சட்டத்தின்படி, கார் இன்சூரன்ஸ் விலையை நிர்ணயிப்பதில் முதல் இடம் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவுக்கு. வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுகிறீர்கள் என்பது இரண்டாவது, எத்தனை வருட அனுபவம் என்பது மூன்றாவது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் மற்ற விஷயங்களில் சிக்கனம் பார்த்துவிட்டு இந்தப் பதிவைக் கோட்டைவிட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

டிக்கெட்டில் இருக்கும் கெடு தேதிவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. பல கோர்ட்டுகளில் கேட்டால் அவகாசமும் நீட்டித் தருவார்கள். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. தெரியாமல் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? இன்றைக்கே கோர்ட் குமாஸ்தா அலுவலகத்தைக் கூப்பிட்டு, டிராஃபிக் ஸ்கூலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாள் போகப் போக வாய்ப்பு குறையும்.

கோர்ட்டிடம் சொல்லாமல் டிராஃபிக் ஸ்கூலில் சேர்வது

மேலே சொன்னதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் இடம் இது. கூகுளில் தேடி, மலிவான ஒரு ஸ்கூலில் சேர்ந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்துச் சான்றிதழும் வாங்கிவிடுவார்கள். கோர்ட்டிடம் டிராஃபிக் ஸ்கூல் வேண்டும் என்று சொல்லியே இருக்க மாட்டார்கள். முதலில் கோர்ட், பிறகு ஸ்கூல். கோர்ட் அனுமதித்து, கட்டணம் வாங்கி, ஒரு கெடு கொடுக்கும். அதற்குள் டி.எம்.வி. உரிமம் பெற்ற ஸ்கூலில் முடித்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் பாயின்ட் ஏறிவிடலாம், கட்டிய நிர்வாகக் கட்டணமும் திரும்பாது. கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கூல் முடித்தாலும் உங்கள் பதிவு மறைக்கப்படாது.

காரை விட்டு இறங்கிப் போலீஸிடம் போவது

இறங்காதீர்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும்.

கையெழுத்துப் போட மறுப்பது

டிக்கெட்டில் போடும் கையெழுத்து குற்ற ஒப்புதல் இல்லை, கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற வாக்குறுதிதான். போட்டுவிடுங்கள்.

"எல்லாரும் அதே வேகத்தில்தான் போனாங்க"

"எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" என்று அதிகாரி கேட்பார். "75-தான் சார் இருக்கும்" என்று பணிவாகச் சொல்லிவிடுவோம். எல்லை 65 என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டாயிற்று. நீங்கள் சொன்னதை அவர் குறித்துக்கொள்வார், பின்னால் வழக்குக்குப் போனால் அது வந்து நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. மரியாதையாகப் பேசுங்கள், கேட்ட ஆவணங்களைக் கொடுங்கள், வேகத்தைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்து மூலம் வழக்காடும்போதும் இதே தவறு நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போய்வரும்போது 5-ம் எண் நெடுஞ்சாலையில் மாட்டினால் வழக்கு அந்தக் கவுன்டி கோர்ட்டில் இருக்கும். ஃப்ரீமான்ட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர ஒரு நாள் போய்விடும். அதற்குத்தான் எழுத்து மூல விசாரணை இருக்கிறது. அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, உங்கள் தரப்பை எழுதி அனுப்பலாம். அதிகாரியும் அவர் தரப்பை எழுத வேண்டும். அவர் எழுதாமல் விட்டால் வழக்கு தள்ளுபடியாகும் வாய்ப்பு நல்லபடியாக இருக்கிறது. ஜெயித்தால் பணம் திரும்பி வரும். தோற்றால், தீர்ப்பு தபாலில் அனுப்பப்பட்ட 20 நாளுக்குள் நேரடி மறுவிசாரணை கேட்கலாம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துத் தடத்தில் போனவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள், நான் 80-ஐத் தாண்டவில்லை, இறக்கத்தில் வேகம் தானாக ஏறிவிட்டது என்று இரண்டு பக்கம். வரிக்கு வரி ஒப்புதல் வாக்குமூலம். அதிகாரி எங்கே நின்றார், வேகத்தை அளந்தது ரேடாரா லிடாரா (லேசர் கருவி), எந்தக் காரை அளந்தார், நடுவில் வேறு வண்டி இருந்ததா என்பதெல்லாம்தான் அங்கே செல்லுபடியாகும் பேச்சு. இன்னொன்றும் யோசித்துக்கொள்ளுங்கள். வழக்காடித் தோற்ற பிறகு டிராஃபிக் ஸ்கூல் கிடைப்பது நீதிபதியின் கையில். உங்கள் தரப்பில் பலம் இல்லை என்றால் நேராக ஸ்கூலுக்குப் போவது நல்லது.

எல்லையைவிட 25 மைலுக்கு மேல் போவது

65 மைல் சாலையில் 90-க்கும் 91-க்கும் நடுவில் பெரிய சுவர் இருக்கிறது. எல்லையைவிட 25 மைலுக்கு மேல் போனால், குமாஸ்தா அலுவலகம் டிராஃபிக் ஸ்கூல் தராது. நீதிபதியிடம் போய்க் கேட்க வேண்டும். 100 மைலைத் தாண்டினால் ஒன்றல்ல, இரண்டு பாயின்ட். லைசென்ஸையே 30 நாள்வரை நிறுத்திவைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 5-ம் எண் நெடுஞ்சாலையில் பள்ளத்தாக்கு வழியாகப் போகும்போது, சாலை நேராக, வெறிச்சென்று கிடப்பதால் வேகம் ஏறுவதே தெரியாது. எல்லை 70 என்பதால் 95 வரை சமாளித்துவிடலாம் என்று சில இளைஞர்கள் கணக்குப் போடுவதையும் கேட்டிருக்கிறேன். அந்த வேகத்தில் டயர் வெடித்தால் பாயின்ட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்க மாட்டார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேமரா நோட்டீஸையும் போலீஸ் டிக்கெட்டையும் ஒன்றாகக் குழப்புவது

2023-ல் இயற்றிய சட்டத்தின்படி லாஸ் ஏஞ்சலஸ், சான் ஹோசே, ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ, க்ளென்டேல், லாங் பீச் ஆகிய ஆறு நகரங்களில் வேகக் கேமராக்களுக்கு அனுமதி உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2025-லிருந்து அவை வேலை செய்கின்றன. கேமரா நோட்டீஸ் சிவில் அபராதம் மட்டும். 11-லிருந்து 15 மைல்வரை அதிகம் என்றால் 50 டாலர். பாயின்ட் கிடையாது, இன்சூரன்ஸிலும் கை வைக்காது. இதற்கு டிராஃபிக் ஸ்கூல் தேடி அலையாமல், தவறு உங்களுடையது என்றால் கட்டிவிடுங்கள். இங்கே மட்டும் கட்டினால் முடிந்தது.

"ஒரு பாயின்ட்தானே" என்று இரண்டாவதுக்கு இடம் கொடுப்பது

மூன்று வருடத்தில் ஒரு பாயின்ட்வரை நல்ல ஓட்டுநர் தள்ளுபடி கிடைக்கும். அது குறைந்தது 20 சதவீதம். இரண்டாவது பாயின்ட் ஏறினால் தள்ளுபடியும் போய்விடும், அதற்கு மேல் விலையும் ஏறும். 12 மாதத்தில் நான்கு பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

புதுப் பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது மறைப்பது

வேண்டாம். விபத்து நடந்தபின் தெரியவந்தால் பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள்.

சொந்தப் பதிவைப் பார்க்காமலே இருப்பது

டி.எம்.வி. இணையதளத்தில் 2 டாலர் கட்டினால் உங்கள் ஓட்டுநர் பதிவை நீங்களே இறக்கிப் பார்க்கலாம். டிராஃபிக் ஸ்கூல் முடித்துச் சில வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். பாயின்ட் தவறாக ஏறியிருந்தால், ரினியூவலுக்கு முன்பே சான்றிதழோடு கோர்ட்டிடம் போய்ச் சரிசெய்ய முடியும். பழைய பாயின்ட் இருப்பவர்கள் டிக்கெட் தேதியிலிருந்து மூன்று வருடம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தச் சமயத்தில் மறுபடி பதிவை எடுத்து, உங்கள் ஏஜென்டிடம் விலையைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள், இரண்டு மூன்று கம்பெனிகளிலும் விசாரியுங்கள். புதுப் பாலிசி கைக்கு வரும்வரை பழையதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.