வேதி வாய்பாடு: படிக்கவும் எழுதவும் பழகுவோம்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடுகளை நான் இங்கே எழுத்தின் பெயரால் சொல்கிறேன், நீங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் குறியீடு. மொத்தம் 118 தனிமங்கள் இருந்தாலும், முதல் இருபதோடு இரும்பு, செம்பு, வெள்ளி மாதிரி சிலவற்றைத் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ் 1813-14இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தை எடுத்தார். அதனால்தான் சோடியத்துக்கு எஸ் வராமல் நேட்ரியத்தின் என்ஏ வருகிறது, இரும்புக்கு ஃபெரம் தந்த எஃப்இ. முதல் எழுத்து பெரியது, இரண்டாவது எழுத்து இருந்தால் அது கட்டாயம் சிறியது. பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டையும் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு, நச்சு வாயு!

அடுத்து எண்கள். கீழே சிறிதாக இருக்கும் எண் தனக்கு முன்னால் நிற்கும் அணுவுக்கு மட்டும்தான். எண் இல்லையென்றால் ஒன்று. எச்₂ஓ என்றால் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. முன்னால் 3 போட்டு 3எச்₂ஓ என்று எழுதினால் மூன்று தண்ணீர் மூலக்கூறுகள், ஆக ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 3. சமன்பாட்டைச் சரிசெய்யும்போது இந்த முன் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் கீழ் எண்ணில் கை வைத்து எச்₂ஓ₂ ஆக்கிவிட்டால் பொருளே மாறிப்போகும், அது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு.

அடைப்புக்குறிதான் நிறையப் பேரைத் தடுமாற வைக்கிறது, இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். அலுமினியம் சல்பேட்: ஏஎல்₂(எஸ்ஓ₄)₃. வெளியே இருக்கும் 3 உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும். கந்தகம் 1×3, அதாவது 3. ஆக்சிஜன் 4×3, அதாவது 12. அலுமினியம் வெளியே நிற்பதால் அதை இந்த 3 தொடாது, அது 2 தான். மொத்தம் 17 அணுக்கள்.

சரி, இந்த வாய்பாடு எப்படி வந்தது? இணைதிறனிலிருந்து, அதாவது ஓர் அணுவோ அணுக்கூட்டமோ மற்றவற்றோடு சேரும் திறனைச் சொல்லும் எண்ணிலிருந்து. அலுமினியத்துக்கு 3, சல்பேட்டுக்கு 2. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தலைக்கு மேல் இணைதிறனைப் போட்டு, எண்களைக் குறுக்கே இடம் மாற்றிக் கீழே இறக்குங்கள்: அலுமினியத்துக்கு 2, சல்பேட்டுக்கு 3. சல்பேட் பல அணுக்கள் சேர்ந்த ஒரே கூட்டம், அதனால் அடைப்புக்குறி போட்டுத்தான் 3 எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த 3 ஆக்சிஜனின் 4-க்குப் பக்கத்தில் ஒட்டி 43 ஆகிவிடும். மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டுக்குமே 2, மாற்றினால் 2-க்கு 2 வரும், அதைச் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று என்று எழுதுங்கள். ஆனால் இந்தச் சுருக்கலை மெக்னீசியம் ஆக்சைடு மாதிரி மின்னூட்டமுள்ள அயனிகள் சேர்ந்து உண்டாகும் அயனிச் சேர்மத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடில் போய் 2-ஐ அடித்துவிடாதீர்கள், அந்த மூலக்கூறில் உண்மையிலேயே நான்கு அணுக்கள் இருக்கின்றன.

இப்போது உங்கள் முறை. கால்சியம் பாஸ்பேட்: கால்சியத்துக்கு 2, பாஸ்பேட்டுக்கு 3, ஒரு பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் 1, ஆக்சிஜன் 4. எழுதி முடித்து அணுக்களை எண்ணுங்கள், 13 வர வேண்டும். 17 வந்தால், கால்சியத்தின் 2-ஐயும் பாஸ்பேட்டின் 3-ஐயும் இடம் மாற்றாமல் விட்டிருப்பீர்கள், 8 வந்தால் அடைப்புக்குறிக்குள் பெருக்காமல் விட்டிருப்பீர்கள், திரும்பப் பாருங்கள்.