எங்கே அறுபட வேண்டும்? வலுவான மீனுக்கு ஃப்ளை தூண்டில் கட்டும் முறை

வலுவான மீனுக்கு ஃப்ளை தூண்டிலை, அதாவது முள்ளில் இறகும் இழையும் கட்டிய ‘ஃப்ளை’ என்ற போலி இரையை வீசும் தூண்டிலை, தயார் செய்பவர்கள் பெரும்பாலும் கோலில்தான் தொடங்குவார்கள். நான் முள்ளில் தொடங்கி ரீலை நோக்கிப் போவேன். முள், டிப்பெட் (முள் பக்கம் வரும் மெல்லிய நரம்பு, அதாவது நைலான் போன்ற இழை), லீடர் (டிப்பெட்டுக்கும் கயிற்றுக்கும் இடையே வரும் நரம்பு), ஃப்ளை கயிறு (வீசுவதற்கான எடையுள்ள கயிறு), பேக்கிங் (அதற்குப் பின்னால் ரீலில் இருக்கும் கூடுதல் கயிறு), ரீல் என்ற இந்த வரிசையில் எது வலுக் குறைந்ததோ அதை மீன் தேடிக் கண்டுபிடித்துவிடும். டார்பன் என்ற பெரிய கடல் மீனாக இருந்தாலும் சரி, பெரிய பாரை (ட்ரெவலி) மீனாக இருந்தாலும் சரி, ஆற்று மகசீராக இருந்தாலும் சரி, முதல் ஓட்டத்திலேயே அது தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி: அறுந்தால் எங்கே அறுபட வேண்டும்? முள்ளுக்குப் பக்கத்தில், டிப்பெட்டில். அங்கே அறுந்தால் ஒரு ஃப்ளையும் கொஞ்சம் நரம்பும்தான் போகும். பேக்கிங் முடிச்சில் அறுந்தாலோ, மீன் ஃப்ளை கயிறு முழுவதையும் இழுத்துக்கொண்டு போய் எங்காவது பாறையில் சிக்கிச் சாகும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் கவனமாகக் கட்டுகிறோம்.

சரி, முள்ளுக்கு வருவோம். வலுவான மீன் என்றதும் பெரிய, தடித்த முள்ளை எடுப்பது இயல்பு. ஆனால் முள்ளின் கம்பி தடிக்கத் தடிக்க, அதைத் தாடைக்குள் இறக்க அதிக விசை வேண்டும். அந்த விசை டிப்பெட் வழியாகத்தான் போயாக வேண்டும். 16 பவுண்டு இழுவை தாங்கும் டிப்பெட்டை வைத்துக்கொண்டு தடித்த 5/0 முள்ளை (‘/0’ அளவுகளில் எண் கூடக் கூட முள் பெரிது, ‘/0’ இல்லாத 2 அவற்றைவிடச் சிறியது) டார்பனின் எலும்பு வாயில் இறக்குவது கடினமான வேலை. அதே டிப்பெட்டில் கூரான 2/0 எளிதாக இறங்கும். மெல்லிய கம்பிக்கும் ஓர் ஆபத்து உண்டு: டிராக்கை (கயிறு ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிடியை) இறுக்கினால் வளைவு விரிந்து மீன் கழன்றுவிடும். 8 முதல் 12 பவுண்டு டிப்பெட்டுக்கு நடுத்தரக் கம்பியில் 2 முதல் 1/0 வரையும், 16 முதல் 20 பவுண்டுக்கு நல்ல வலுவான கம்பியில் 1/0 முதல் 3/0 வரையும் எனக்குச் சரியாக வருகின்றன. 80 பவுண்டுக்கு மேற்பட்ட நரம்பை நேரடியாகக் கட்டிப் பாரை மீன் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் 6/0 தேவைப்படும்.

முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃப்ளை கட்டும்போது இறகும் இழையும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் முள் எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகம் போதும். முனையை நகத்தின் மேல் சாய்வாக வைத்து மெல்ல நகர்த்துங்கள். வழுக்கினால் அரம் வேண்டும், உடனே பதிந்து நின்றால் போதும். அரத்தை எப்போதும் முனையிலிருந்து வளைவை நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடிப்பக்கமும் சில இழுப்புகள் போதும்.

எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் முள் கழலாமல் தடுக்கும் சிறு கூரை) குறடால் நசுக்கிவிடுவது என் வழக்கம். மீனுக்கு நல்லது என்பதோடு, முள் உள்ளே இறங்கவும் குறைந்த விசை போதும். நசுக்கும்போது குறட்டின் வாய் முள்முனையின் அதே திசையில் இருக்கட்டும். குறுக்காகப் பிடித்தால் முனை ஒடியலாம். கயிறு தளராமல் பார்த்துக்கொண்டால் எதிர்முள் இல்லாத முள்ளிலிருந்து மீன் எளிதில் கழலாது. கம்பியைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத எஃகு முள் நீண்ட நாள் உழைக்கும். பூச்சுள்ள உயர்கார்பன் எஃகு முள் அதைவிடக் கூராக வரும், ஆனால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன், மீன் வாயில் தங்கிவிட்டால் அதுவே சீக்கிரம் அரித்துப் போகும். ஈரமான ஃப்ளையை மட்டும் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒரே இரவில் பெட்டி முழுவதும் துரு பரவிவிடும்.

இனி முடிச்சு. எந்த முடிச்சும் நரம்பின் வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வீசும்போது காற்றில் தானாக விழும் சாதாரண ஒற்றை முடிச்சு ஏறக்குறைய பாதி வலுவைத் தின்கிறது. அதனால் வீச்சுகளுக்கு நடுவே டிப்பெட்டை விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பது நல்லது. முடிச்சு தட்டினால் அவிழ்க்க முயலாமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

நரம்பை முள்ளின் காதில் (தண்டின் மேல் உள்ள துளையில்) கட்ட, இறுகாத கண்ணி முடிச்சைத்தான் நான் சொல்வேன். ஃப்ளை அதில் சுதந்திரமாக ஆடும், வலுவும் நன்றாக நிற்கும். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு தளர்வான ஒற்றை முடிச்சு போடுங்கள். நுனியை முள்ளின் காதில் நுழைத்து, அது ஒற்றை முடிச்சிலிருந்து எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அதே பக்கமாகத் திரும்ப அந்த முடிச்சுக்குள் விடுங்கள். பின்பு நுனியைத் தாய் நரம்பின் (ரீல் பக்கம் போகும் நரம்பின்) மேல் சுற்றி, மறுபடியும் அதே பக்கமாக ஒற்றை முடிச்சுக்குள் கொண்டுவாருங்கள். 8 முதல் 12 பவுண்டு நரம்புக்கு ஐந்து சுற்று, 15 முதல் 40 வரை நான்கு, 50, 60 பவுண்டுக்கு மூன்று. தடித்த நரம்பில் சுற்று கூடினால் முடிச்சு இறுகவே இறுகாது. நனைத்துவிட்டு, முதலில் நுனியை மெல்ல இழுத்துச் சுற்றுகளை ஒன்றாக்குங்கள், அப்புறம் கண்ணியையும் தாய் நரம்பையும் எதிரெதிராக இழுங்கள்.

நனைப்பதைப் பலர் சடங்குபோல் நினைக்கிறார்கள். உலர்ந்த நரம்பு நரம்போடு உரசினால் சூடு பிறக்கும், அந்தச் சூட்டில் நைலானும் ஃப்ளூரோகார்பனும் வலுவிழக்கும். ஃப்ளூரோகார்பன் விறைப்பாக இருப்பதால் அதை இன்னும் பொறுமையாக, ஒரே சீராக இறுக்க வேண்டும்.

டிப்பெட்டின் மேல் முனையில் பிமினி முறுக்கு வேண்டும். நரம்பின் முழு வலுவையும் ஏறக்குறைய அப்படியே தக்கவைக்கும் அரிய முடிச்சு இது. அதனால்தான் மற்ற முடிச்சுகளை இதன் இரட்டை நரம்பில் போடுகிறோம். ஒரு கை நீளத்துக்கு நரம்பை மடித்து, மடிப்புக்குள் கையை விட்டு இருபது முறை திருகுங்கள். மடிப்பை இரண்டு முழங்கால்களிலும் மாட்டி, கால்களை மெல்ல அகற்றினால் முறுக்குகள் மேல்நோக்கி நெருங்கும். அப்போது நுனியைப் பக்கவாட்டில் செங்கோணத்துக்குச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். கால்களை இன்னும் அகற்ற, நுனி தானாகவே உருண்டு முறுக்கின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்து கீழே இறங்கும். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கீழே வந்ததும் கண்ணியின் ஒரு காலில் ஓர் அரை முடிச்சு போட்டு, இரண்டு கால்களையும் சேர்த்து நான்கைந்து சுற்று சுற்றிப் பூட்டுங்கள். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகலாம். படகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டிய முடிச்சு இல்லை.

டார்பனின் வாய் அரம்போல் சொரசொரப்பானது. அதற்கு முள்ளுக்குப் பக்கத்தில் 60 அல்லது 80 பவுண்டு ஃப்ளூரோகார்பனில் ஒரு கடிநரம்பு வேண்டும். அப்போது டிப்பெட்டின் கீழ் முனையிலும் ஒரு பிமினி போட்டு, அந்த இரட்டை நரம்பைக் கடிநரம்போடு ஆல்பிரைட் முடிச்சால் இணைக்கலாம். தடித்த நரம்பை மடித்து, மெல்லியதை மடிப்புக்குள் விட்டு, மூன்று இழைகளையும் சேர்த்து மடிப்பின் நுனியை நோக்கிப் பத்துச் சுற்றுக்கு மேல் நெருக்கமாகச் சுற்றி, உள்ளே போன அதே பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். சீலா, பைக் போன்ற பல் கூரான மீன்களுக்கு இதுவும் போதாது, கம்பியே வேண்டும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் இடம்பெற விரும்பினால் இரண்டு அளவுகள் முக்கியம்: கடிநரம்பு முடிச்சுகளோடு சேர்த்து 12 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, டிப்பெட் குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும். அந்த விதியில் டிப்பெட்டின் உச்ச வகுப்பு 20 பவுண்டு.

பவளப்பாறைகளுக்கு நடுவே பாரை மீன் பிடிக்கும்போது பலர் டிப்பெட்டையே விட்டுவிட்டு 100 பவுண்டு நரம்பை நேராகக் கட்டுகிறார்கள். ஓடவிட்டால் பாறையில் அறுந்துவிடும் என்பது நியாயமான காரணம்தான். அப்படிச் செய்தால் மைய இழை தடித்த ஃப்ளை கயிறாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அறுபடும் இடம் கயிற்றுக்கு மாறிவிடும், மீன் கயிறோடு போய்விடும்.

லீடரையும் ஃப்ளை கயிற்றையும் கண்ணியோடு கண்ணி கோத்து இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கண்ணிகளும் கைகுலுக்குவதுபோல் சமமாகப் பின்னியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றொன்றைச் சுருக்குப்போட்டுப் பிடித்திருந்தால் அந்த இடம் அறுக்கும். பேக்கிங் பக்கம் உள்ள கண்ணி, சுருட்டிய ஃப்ளை கயிறு முழுவதும் நுழையும் அளவு பெரிதாக இருந்தால் கயிறு மாற்றுவது எளிது. பேக்கிங்குக்கு 30 பவுண்டு டேக்ரான் இழைக் கயிறு 200 மீட்டர் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். ஜெல் ஸ்பன் என்ற இழைக் கயிறு அதைவிட மெல்லியது, ரீலில் அதிக நீளம் பிடிக்கும். ஆனால் தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழே புதைந்துவிடும், ஓடும்போது விரலில் பட்டால் வெட்டும்.

கோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9 அடி நீளம், எண் 8 முதல் 12 வரை. அந்த எண், கயிற்றின் முதல் 30 அடியின் எடையைக் குறிப்பது: 8க்கு 210 கிரெய்ன் (சிறிய எடை அலகு), 10க்கு 280, 12க்கு 380. காற்றில் எடையான ஃப்ளையை வீசவும், ஆழத்திலிருந்து மீனைத் தூக்கவும் பெரிய எண் உதவும். நாள் முழுவதும் உங்களால் எந்தக் கோலை வீச முடியுமோ அதை வாங்குங்கள்.

டிராக்கைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும், கைக்குத் தோன்றியபடி வைக்கக் கூடாது. டிப்பெட் வலுவில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை சரியான அளவு. 16 பவுண்டுக்கு அது 4 முதல் 5 பவுண்டு வரும். ஒரு தொங்கு தராசை லீடர் நுனியில் மாட்டி, ரீலிலிருந்து நேராக இழுத்து அளந்துவிடுங்கள். மீன் தூரம் ஓடும்போது இந்த அளவு தானாகவே கூடும் என்பது முக்கியம். பேக்கிங் வெளியே போகப்போக ரீலில் மிஞ்சிய சுருளின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலேயே இழுப்பு விசை இரண்டு மடங்காகும். தண்ணீரில் இழுபடும் கயிற்றின் உராய்வு அதற்கு மேல். அதனால் மீன் தொலைவில் இருக்கும்போது டிராக்கைக் கூட்டாதீர்கள். தேவைப்பட்டால் சற்றுத் தளர்த்துங்கள். பக்கத்தில் வந்த பிறகு, கையால் சுருளின் விளிம்பைத் தடவி அழுத்தம் கூட்டலாம்.

மீன் கவ்வியதும் கோலைத் தூக்காதீர்கள். கோல் வளைந்து விசையை விழுங்கிவிடும், முள் இறங்காது. கோல் நுனி மீனை நோக்கியே இருக்க, கயிற்றை இடக்கையால் நீளமாக, உறுதியாக இழுங்கள். முள் பதிந்ததும் கண்ணை மீனிடமிருந்து எடுத்து, காலடியில் கிடக்கும் தளர்ந்த கயிற்றைப் பாருங்கள். அது ஒழுங்காக வளையங்கள் வழியே ஏறும்வரை வேறு வேலை இல்லை. பிறகு கோலைத் தாழ்வாகப் பிடித்து, மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, கோலின் அடிப்பகுதி வளையும்படி இழுங்கள். டார்பன் துள்ளும்போது கோலை அதை நோக்கி நீட்டிக் கயிற்றைத் தளரவிடுங்கள். காற்றில் அதன் முழு எடையும் டிப்பெட்டில் விழக் கூடாது. சண்டையை நீட்டாமல் முடிப்பதுதான் மீனுக்குச் செய்யும் மரியாதை. களைத்துப்போன மீனைத் தண்ணீரில் விட்டாலும் சுறா எடுத்துவிடும்.

ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டர் நரம்பை உதட்டில் வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். முள்ளை மறுபடி நகத்தில் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். கரைக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு டிராக் திருகை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த மீனின் முதல் இழுப்பிலேயே டிப்பெட் அறும்.