மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: எதைக் கவனிப்பது, எந்தப் பரிசோதனை, ஆயுர்வேதம் எப்போது

மார்பகத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி, நார்க்கட்டி, மாதவிடாயை ஒட்டி வீங்கி வடியும் திசு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எது எந்த வகை என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணராலும் முடியாது, நாடி பார்க்கும் வைத்தியராலும் முடியாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் மாற்றத்தைக் கவனிப்பது, அடுத்து படமும் ஊசிப் பரிசோதனையும், அதன்பிறகே மருந்து. ஆயுர்வேதத்துக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் அது ஊசிப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த பிறகு.

கண்ணாடி முன் நின்று

இடுப்புக்கு மேல் துணியில்லாமல், நல்ல வெளிச்சத்தில், கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு கைகளைத் தலைக்கு மேல் தூக்கியும், கடைசியாக இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி நன்றாக அழுத்தியும் பாருங்கள். அழுத்தும்போது மார்புத் தசை இறுகும். உள்ளே ஏதாவது கட்டி தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், சும்மா நிற்கும்போது தெரியாத குழி அப்போது தெரியும்.

ஒரு மார்பகம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. பிறவியிலிருந்தோ பருவமடைந்த நாளிலிருந்தோ உள்ளே அமுங்கியிருக்கும் காம்பும் கவலைக்குரியதல்ல. புதிதாக வந்ததைத்தான் தேட வேண்டும். சில மாதங்களாக ஒரு பக்கம் மட்டும் உப்பியோ சுருங்கியோ போவது, வெளியே இருந்த காம்பு உள்ளே இழுபடுவது அல்லது ஒரு பக்கமாகத் திரும்புவது, தோலில் குழி விழுவது, தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரிவது ஆகியவை அப்படிப்பட்டவை.

காம்பில் வரும் சொறியை அநேகம் பேர் தோல் வியாதி என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண அரிப்புச் சொறி பெரும்பாலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும், இரு பக்கமும் வரலாம். பேஜட் நோய் எனப்படும் புற்றுநோய் வகை ஒரு பக்கத்துக் காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும். களிம்பு போட்டால் இரண்டு நாள் அடங்கியது போலவும் இருக்கும். இரண்டு, மூன்று வாரங்களில் முழுதாக ஆறாவிட்டால் அந்தத் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கசிவிலும் இதே கவனம் தேவை. பிதுக்கினால் இரு பக்கமும் பல துளைகளில் வரும் பால் நிறத் திரவம் பெரும்பாலும் ஹார்மோன் அல்லது மருந்து சார்ந்தது. தொடாமலே, ஒரு பக்கத்தில், ஒரே துளையிலிருந்து ரத்தமாகவோ தண்ணீர் போலவோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்ளாடையில் எப்போதும் ஒரே இடத்தில் கறை படுகிறதா என்று பாருங்கள். நிறம் புரியாவிட்டால் வெள்ளைப் பஞ்சில் ஒற்றினால் தெளிவாகத் தெரியும். கசிவைப் பார்க்க அடிக்கடி பிதுக்காதீர்கள். பிதுக்கப் பிதுக்கக் கசிவு தொடரும்.

கட்டியே இல்லாமல் வரும் புற்றுநோய் வகையும் உண்டு. சில வாரங்களுக்குள் மார்பகம் சிவந்து, சூடாகி, கனத்துப் போகும். பால்கட்டு அல்லது சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். அது தவறல்ல. ஆனால் ஒன்று, இரண்டு வாரங்களில் முழுமையாகக் குணமாகாவிட்டால் மருந்தை மாற்றிக்கொண்டே போகாமல் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பாலூட்டாத பெண்ணுக்கு இப்படி வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை.

கையால் தடவிப் பார்ப்பது

மாதவிடாய் வருபவர்கள், அது தொடங்கிய 7 முதல் 10 நாட்களுக்குள் பார்ப்பது நல்லது. அப்போதுதான் மார்பகம் மிருதுவாக இருக்கும். மாதவிடாய்க்கு முந்தின வாரம் பார்த்தால் எல்லாமே கட்டியாகத் தெரிந்து வீண் பயம் வரும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். பாலூட்டுபவர்கள் குழந்தை குடித்து முடித்த பிறகு பார்க்க வேண்டும்.

மல்லாந்து படுத்து, பார்க்கப்போகும் பக்கத்துத் தோளுக்கு அடியில் சிறு தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். எதிர்க் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் அல்ல, ரேகை இருக்கும் தட்டைப் பகுதியால் சிறு வட்டமாகத் தடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம் வேண்டும்: தோல் மட்டும் நகரும் அளவு, நடுத்தரம், விலா எலும்பு தட்டுப்படும் அளவு. காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் கீழ்மடிப்பு வரை மேலும் கீழுமாக வரிசை வரிசையாக, அக்குளின் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை போக வேண்டும். மேல்வெளிப் பகுதியில், அதாவது அக்குளை நோக்கிய மூலையில், நிதானமாகப் பாருங்கள். மார்பகத் திசு அங்கேதான் அதிகம், புற்றுநோய்களும் அங்கேதான் அதிகம் வருகின்றன.

அக்குளைப் பார்க்கும்போது பலர் கையை முழுதாகத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கினால் அந்த இடம் இறுகிவிடும், உள்ளே இருக்கும் நெறி (நிணநீர் முடிச்சு) விரலுக்கு எட்டாது. உட்கார்ந்து, கையைச் சற்றே விலக்கித் தளர்வாக வைத்துக்கொண்டு, எதிர்க் கை விரல்களை அக்குளின் உச்சிக்குள் செலுத்தி, விலாவோடு சேர்த்து அழுத்தியபடி கீழே இழுங்கள்.

கீழ்மடிப்பில் வில் போல ஒரு தடிப்பு எல்லாருக்கும் இருக்கும். விலா எலும்பும் சில சமயம் கட்டி போலத் தோன்றும். மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடல் அமைப்புதான். நார்க்கட்டி வழுவழுப்பாக விரலுக்குத் தப்பி நழுவும். புற்றுக்கட்டி பெரும்பாலும் கெட்டியாக, ஓரம் சீரில்லாமல், சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு, வலியில்லாமல் இருக்கும். ‘வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்ற நினைப்பு உண்மைக்கு நேர் எதிரானது. அதற்காக வலிக்கும் கட்டியெல்லாம் நல்ல கட்டி என்றும் அர்த்தமில்லை.

இந்தச் சுயபரிசோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. ஷாங்காயில் 2,66,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வில், மாதாமாதம் முறைப்படி தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2002-ல் தெரிந்தது. தேவையில்லாத ஊசிப் பரிசோதனைகள்தான் கூடின. எனவே அட்டவணை போட்டுத் தேடுவதைவிட, உங்கள் உடலின் வழக்கமான நிலை எது என்று தெரிந்து வைத்திருப்பதே பயன். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு இது மாற்றும் அல்ல. 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுப்பது பல நாடுகளின் வழக்கம். சில நாடுகளில் 40-லேயே தொடங்குகிறார்கள். தாய், சகோதரிக்கு இளவயதில் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே மருத்துவரிடம் பேசுங்கள். ஆண்களுக்கும் இந்நோய் வரும், மொத்தத்தில் சுமார் 1 சதவீதத்துக்குள். காம்புக்கு அடியில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் ஆண்களும் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்

மாதவிடாய் வரும் வயதில், வலியோடு மெத்தென்று ஒரு தடிப்பு வந்தால் அடுத்த மாதவிடாய் முடியும் வரை பார்க்கலாம். அதன்பிறகும் இருந்தால் போய்விட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் புதுக்கட்டிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. கெட்டியான கட்டி, தோல் குழி, ரத்தக் கசிவு, அக்குள் நெறி ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் இல்லை.

மருத்துவமனையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். மருத்துவர் கையால் பரிசோதிப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது. இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட். வயது கூடியவர்களுக்கு மேமோகிராமும் அதோடு அல்ட்ராசவுண்டும். படத்தின் அறிக்கையில் ‘பைராட்ஸ்’ என்று 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 0 என்றால் நோயில்லை என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதன் பொருள், படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்பது. 1, 2 கவலையில்லை. 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனை அவசியம். 6 என்றால் ஏற்கெனவே உறுதியான நோய்.

‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்ற பயம் பலரை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. மார்பகத்தில் முறையாகச் செய்யும் ஊசிப் பரிசோதனையால் நோய் முற்றுவதில்லை. மாறாக, பரிசோதனையே செய்யாமல் ‘சின்னக் கட்டிதான், எடுத்துவிடலாம்’ என்று நேராக அறுத்து எடுப்பதுதான் பிரச்சினை. பின்னால் அது புற்றுநோய் என்று தெரிந்தால் விளிம்பு சுத்தமாக எடுபட்டதா என்று தெரியாமல் மறுபடி அறுக்க நேரும். மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டுகளை எடுக்கும் முறையைக் கேளுங்கள். புற்றுநோய் என்று வந்தால் ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சையே அவற்றைப் பொறுத்துத்தான். கைப்பரிசோதனையும் படமும் சந்தேகம் சொல்லி, ஊசி மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்றால், ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ஆயுர்வேதத்தின் இடம்

‘ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டுக் கரைகிறதா என்று பார்க்கலாம்’ என்பதுதான் இந்த நோயில் கேட்கவே கூடாத யோசனை. மண்டலம் என்பது 48 நாள். முதன்முதலில் மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாளுக்குள் நோய் எது என்று உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதில் 48 நாளைக் கஷாயத்துக்குக் கொடுத்தால் மிச்சம் 12. நீர்க்கட்டி தானாகவே வற்றக்கூடியது என்பதால், மருந்தால் கரைந்தது என்ற பெயரும் எளிதில் கிடைத்துவிடுகிறது.

ஆயுர்வேத மூலநூலான சுஸ்ருத சம்ஹிதையே அர்புதம் என்னும் கட்டியை அசையாதது, வலி குறைந்தது, ஆழ வேரூன்றியது, மெல்ல வளர்வது, பழுத்து உடையாதது என்று விவரிக்கிறது. மிச்சம் வைத்தால் மறுபடி வளரும் என்றும் எச்சரிக்கிறது. படித்த வைத்தியர் அப்படி ஒரு கட்டியைப் பார்த்தால் பற்று அரைத்துப் போடமாட்டார், பரிசோதனைக்கு அனுப்புவார். அனுப்பாமல் ‘அறுக்காமல் குணமாக்குகிறேன்’ என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குணமாகக்கூடிய நிலையில் நோய் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில், மார்பகப் புற்றுநோயாளிகளின் மரண வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

கட்டியின் மேல் அட்டை விடுவது, காரப் பற்று, சூடு போடுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். மேல்தோல் வெந்து புண்ணாகும், உள்ளே கட்டி அப்படியே இருக்கும். அறுவை சிகிச்சைக்குத் தேவையான நல்ல தோலும் போய்விடும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஆயுர்வேதமும் யோகமும் உதவக்கூடிய இடம் தூக்கம், பதற்றம், சோர்வு, பசி, மலச்சிக்கல் போன்றவை. இவற்றில் நல்ல ஆதாரம் இருப்பது யோகாசனம், மூச்சுப்பயிற்சி, தியானத்துக்குத்தான்; புற்றுநோய் மருத்துவச் சங்கங்களே பரிந்துரைக்கின்றன. அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையில் எடை ஊன்றும் ஆசனங்களைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். பாதத்தில் மென்மையாக எண்ணெய் தடவிக்கொள்வது இதமாக இருக்கும், காலில் ரத்த உறைவு இல்லாத பட்சத்தில். நெறி எடுத்த பக்கத்துக் கை வீங்கினால் அதை எண்ணெய் போட்டு அழுத்தி நீவக்கூடாது. நிணநீர் வடிக்கும் மென்மையான முறைக்குத் தனிப் பயிற்சி உண்டு. கதிர்வீச்சு படும் இடத்தில் எண்ணெய், மஞ்சள், பற்று எதையும் கேட்காமல் பூசாதீர்கள்.

கீமோதெரபி ஓடும்போது வமனம் (வாந்தி எடுக்கவைப்பது), விரேசனம் (பேதி), வஸ்தி (எனிமா) போன்ற பஞ்சகர்ம முறைகள் கூடாது. வாந்தியும் பேதியும் ஏற்கெனவே வற்றிய உடம்பை மேலும் வற்றவைக்கும். வெள்ளணு குறைந்த நேரத்தில் வஸ்தி கொடுத்தால் குடலின் சிறு கீறல் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கலாம்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் அதிக ஏமாற்றம். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். மஞ்சளின் குர்குமினை மிளகின் பைப்பரினோடு மாத்திரையாக எடுத்தவர்களின் ரத்தத்தில், டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரையிலிருந்து உருவாகும் வேலை செய்யும் பொருளின் அளவு குறைந்தது என்று ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. அமுக்கராவுக்கு கீமோ சோர்வைக் குறைப்பதாகச் சிறு ஆய்வு உண்டு; ஆனால் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, சீந்திலுக்கும் அப்படியே. கல்லீரல் அளவு ஏறினால் அடுத்த கீமோவைத் தள்ளிவைப்பார்கள், காரணம் மூலிகையா மருந்தா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் போன்ற செயல் இருக்கலாம் என்பதால் ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. பஸ்பம், செந்தூரம் வேண்டாம். இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், 193-ல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

எதையாவது எடுப்பதென்றால் பெயர், தயாரிப்பாளர், உட்பொருள், அளவு எல்லாம் தெரியும்படி சிட்டையைப் படம் எடுத்து உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். உட்பொருளைச் சொல்லாத ‘ரகசிய மருந்து’ எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு மூலிகைகளை ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகை மருந்துகளையும் நிறுத்துங்கள். மஞ்சள், பூண்டு, இஞ்சி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், அமுக்கரா மயக்க மருந்தின் வேலையைக் கூட்டலாம்.

கீமோ எடுக்கும் நாட்களில் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் நிலவேம்பும் வேண்டாம், பாராசிட்டமாலும் வேண்டாம். நடு இரவானாலும் நேராக மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே ‘கீமோ எடுப்பவர், காய்ச்சல்’ என்று சொல்லுங்கள்.