கொளுத்தும் வெயிலில் பாஸ் பிடிக்க எந்த ரிக் கட்டுவது?

வெயில் ஏறிவிட்டால் பாஸ் மீன் வாயைக் கட்டிவிடும் என்று தூண்டில்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் முதல் இரண்டு கோடைகளை அந்த நம்பிக்கையிலேயே வீணடித்தேன். மீன் கொத்தவில்லை என்றால் இரையை மாற்றுவேன், அப்புறம் நிறத்தை மாற்றுவேன், அப்புறம் இன்னும் மெல்லிய நரம்பு, அதாவது தூண்டில் இழை. மீனே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு இத்தனையையும் செய்துகொண்டிருந்தேன் என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

பாஸ் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் செரிமானம் வேகமாகும், பசியும் கூடும். கோடையிலும் அது நன்றாகவே சாப்பிடுகிறது. சாப்பிடும் நேரம் சுருங்கிவிடுகிறது, நிற்கும் இடம் குறுகிவிடுகிறது, அவ்வளவுதான். ரிக் என்பது முள், எடை, இரை மூன்றையும் நரம்பில் கட்டும் அமைப்பு. அதனால் ரிக்கைத் தேர்ந்தெடுப்பது, மீன் எங்கே நிற்கிறது என்று ஊகித்த பிறகு செய்யும் வேலை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகும்.

இங்கே பாஸ் என்று நான் சொல்வது நன்னீரில் வாழும் பெரியவாய் பாஸையும் சிறுவாய் பாஸையும். கொடுவாவையும் பாஸ் என்று சொல்வதுண்டு, அது வேறு குடும்பம். கீழே வரும் ரிக்குகள் எல்லாம் ஃபினெஸ் வகை. ஃபினெஸ் என்பது மெல்லிய நரம்பு, சின்ன முள், குறைந்த எடை, சிறிய ரப்பர் புழு ஆகியவற்றை வைத்து மீனை உசுப்பாமல் பிடிக்கும் முறை.

படி 1: தண்ணீரைப் படியுங்கள்

சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அப்படியானால் மீன் எல்லாம் குளிர்ச்சியான அடி ஆழத்துக்குப் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஆழமான கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்: மேலே வெதுவெதுப்பாக இருக்கும், கொஞ்சம் கீழே போனதும் காலில் சில்லென்று அடிக்கும். ஏரிகளும் கோடையில் இப்படி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவில் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு பட்டை. அதை வெப்பச்சரிவு அடுக்கு என்பார்கள். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் மேலே வந்து காற்றோடு கலப்பதில்லை. பாசியும் இலைதழையும் மக்கி அங்கிருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். சத்து அதிகமுள்ள ஏரிகளில் அந்த அடி ஆழம் மீனுக்கு மூச்சுமுட்டும் இடம். பாஸ் அந்தப் பட்டைக்கு மேலேயோ, அதை ஒட்டியோதான் நிற்கும்.

படகில் சோனார் (ஒலியலையால் ஆழத்தைக் காட்டும் கருவி) இருந்தால் திரையில் மங்கலான ஒரு கோடாக அது தெரியும். சோனார் இல்லையா? ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு இறக்குங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிமிடம் நிறுத்தி, இழுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் குறையும் இடம் வந்தால் அதுதான் பட்டை. அது 6 மீட்டரில் இருக்கிறது என்றால் 10 மீட்டர் ஆழத்தில் தரையைத் தட்டிக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. நீங்கள் தேடவேண்டியது நிழல், காற்று, ஓட்டம். படகுத்துறையின் அடி, சாய்ந்த மரம், நீர்ச்செடிக் கூட்டத்தின் வெளி விளிம்பு, ஓடை வந்து கலக்கும் வாய், காற்று வந்து மோதும் கரை. காற்று மோதும் கரையில் நிற்கத் தொல்லைதான். ஆனால் அங்கே தண்ணீர் கலங்கி ஆக்ஸிஜன் ஏறும், சின்ன மீன்களும் அங்கேதான் ஒதுங்கும். இன்னொன்று: செடி அடர்ந்த குட்டைகளில் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் ஆகக் குறைவு. ராத்திரி முழுக்கச் செடிகளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த மாதிரி இடத்தில் இருட்டோடு போய் நின்று மனம் தளர வேண்டாம், வெளிச்சம் ஏறட்டும்.

படி 2: ஒரே ஒரு செட்

7 அடி நீளமுள்ள, மீடியம் லைட் வகை ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கழி). 2500 அளவு ரீல். அதில் 10 பவுண்டு இழுவிசை தாங்கும் பின்னல் நரம்பு. முனையில் இரண்டு மீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது முள்ளைக் கட்டும் முனை நரம்பு. இரண்டையும் டபுள் யூனி முடிச்சால் இணைத்தால் போதும். கீழே சொல்லும் எல்லா ரிக்குக்கும் இதுவே ஒத்துவரும்.

லீடர் எத்தனை பவுண்டு என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஃபினெஸ் என்றதும் 4 பவுண்டு நரம்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் சரி. வெயிலில் வேண்டாம், 8 பவுண்டு போடுங்கள். நரம்பு மெல்லியதாக இருந்தால் மீனை நெடுநேரம் இழுத்து விளையாட வேண்டிவரும். சூடான தண்ணீரில் அந்தக் களைப்பே அதைக் கொன்றுவிடும், விட்டாலும் பிழைக்காது.

படி 3: மூன்று கேள்விகள்

ராடை எடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம்? தரை எப்படி, கல்லா, சேறா, செடியா? மீன் தரையில் ஒட்டி நிற்கிறதா, கொஞ்சம் மேலே தொங்கி நிற்கிறதா?

கரையிலிருந்து ஆழம் தெரிந்துகொள்ள ஒரு வழி: வெறும் ஈயத்தை முதலில் ஆழம் தெரிந்த இடத்தில் (ராடு நீளத்துக்கு ஆழமான இடமாக இருந்தால் நல்லது) போட்டு, நரம்பு தளரும்வரை எண்ணுங்கள். பிறகு தூர வீசி, நரம்பை ஓடவிட்டு, அதே வேகத்தில் எண்ணுங்கள். முதலில் நாலு எண்ணி இப்போது எட்டு வந்தால் ஆழம் சுமார் இரட்டிப்பு. அந்த ஈயத்தை அப்படியே தரையில் இழுத்து வாருங்கள். கல் என்றால் டக் டக் என்று கையில் தட்டும், சேறு என்றால் மொழுக்கென்று ஒட்டி வரும், செடி என்றால் பிடித்துப் பிடித்து விடும். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி கூடியது, இந்தத் தட்டலை இன்னும் தெளிவாகக் கைக்குக் கொண்டுவரும்.

படி 4: பதிலுக்கு ஏற்ற ரிக்

3 மீட்டருக்குள் ஆழம், நிழல் இருக்கிறது: வாக்கி ரிக். 5 அங்குலக் குச்சிப்புழு ஒன்று, நடு உடம்பில் ஒரு ரப்பர் வளையம், வளையத்துக்குள் முள். எடை எதுவும் கிடையாது. தண்ணீரில் விட்டால் இரண்டு முனையும் படபடவென்று துடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். வேலை முழுவதையும் அந்த இறக்கமே செய்துவிடும். நிழலின் விளிம்பில் வீசுங்கள், நரம்பைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், நரம்பையே பாருங்கள். தரை தொட்டதும் ஒரு முறை தூக்கி மறுபடி இறங்கவிடுங்கள். மூன்றாவது முறையும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் சுருட்டிக்கொண்டு அடுத்த நிழலுக்குப் போகலாம். புதிதாகக் கற்பவர் ஒன்றே ஒன்று படிக்கட்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதே புழு, ஆனால் ஆழம் கூட அல்லது காற்று அடிக்கிறது: புழுவின் தடித்த முனையில் ஒரு கிராம் ஆணி எடையைச் செருகுங்கள். இதுதான் நேகோ ரிக். தலைகுப்புற இறங்கித் தரையில் கொத்தி நிற்கும்.

கல், சரளை, சுத்தமான தரை: நெட் ரிக். கான்சாஸைச் சேர்ந்த நெட் கேடி என்ற மீன்பிடி எழுத்தாளரின் பெயரால் வந்தது. காளான் வடிவத் தலை கொண்ட 2 முதல் 5 கிராம் ஜிக் (தலையில் எடை சேர்ந்த முள்), அதில் 7 சென்டிமீட்டர் புழுத்துண்டு. பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னது. மிதக்கும் ரப்பரில் செய்ததாக இருந்தால் தரையில் வால் நிமிர்ந்து நிற்கும். மெதுவாக இழுப்பது, நிறுத்துவது, லேசாக ஆட்டுவது, வேறொன்றும் வேண்டாம். சிறுவாய் பாஸுக்கு இதைப்போல இன்னொன்று நான் பார்த்ததில்லை. முள் வெளியே தெரிவதால் செடியில் போட்டால் ஒவ்வொரு முறையும் பாசியைத்தான் பிடிப்பீர்கள். ஒரு எச்சரிக்கை: அந்த மிதக்கும் ரப்பரை வேறு ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்றோடொன்று வினைபுரிந்து உருகிவிடும். நான் வெயிலில் காரில் வைத்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பல வண்ண அல்வா.

கட்டை, மெலிந்த செடி: ஷேக்கி ஹெட். முள் முனை புழுவின் உடம்புக்குள் புதைந்திருப்பதால் சிக்காது. 5 கிராம் தலை, 6 அங்குல நேர்ப்புழு. தரையிலேயே வைத்து ராடு நுனியை நடுக்கினால் போதும்.

ஆழமான மேடு, சரிவு, மீன் தரைக்குச் சற்று மேலே தொங்குகிறது: டிராப் ஷாட். உச்சி வெயிலில் படகில் இருந்தால் நான் முதலில் எடுப்பது இது. எடை கடைசியில், முள் அதற்கு மேலே. அதனால் ஈயம் தரையில் கிடக்கும்போது இரை மீனின் கண் மட்டத்திலேயே நின்று ஆடும். ஜப்பானில் வளர்ந்து, 1990களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா வழியாக அமெரிக்கத் தூண்டில்காரர்களிடம் பரவிய முறை இது.

கட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நரம்பை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் நுழையுங்கள். மடித்த நரம்பாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். மிஞ்சிய வளையத்துக்குள் முழு முள்ளையும் விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். இது பாலோமார் முடிச்சு. சாதாரணமாக மிச்ச நரம்பை வெட்டிவிடுவோம், இங்கே வெட்டக் கூடாது. இரண்டு முழம் மிச்சம் விட்டுக் கட்டியிருக்க வேண்டும். அந்த மிச்ச நுனியை முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் இன்னொரு முறை கீழ்நோக்கி விட்டு இழுங்கள். இப்போது முள் நரம்புக்குக் குறுக்காக, முனை மேலே பார்த்தபடி விறைத்து நிற்கும். தொங்கினாலோ தலைகீழாக நின்றாலோ தவறான பக்கத்திலிருந்து விட்டிருக்கிறீர்கள், மறுபடி கட்டுங்கள். கீழ் நுனியில் 7 முதல் 10 கிராம் ஈயம். முள்ளுக்கும் ஈயத்துக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டரில் தொடங்கலாம். மீன் உயரத்தில் தொங்கினால் 60 வரை கூட்டுங்கள். 4 அங்குலப் புழுவை மூக்கில் மட்டும் குத்தினால் போதும்.

ஆட்டும்போது ஈயம் நகரக் கூடாது. நரம்பை விறைப்பாக்கிக்கொண்டு ராடை உதறினால் ஈயம் துள்ளும், மீன் விலகும். கொஞ்சம் தொய்வு விட்டு, அந்தத் தொய்வை மட்டும் நடுக்குங்கள். பத்து வினாடி ஆட்டினால் பத்து வினாடி சும்மா இருங்கள். சும்மா இருக்கும்போதுதான் பெரும்பாலும் கொத்தும்.

ஒரு இடத்தில் மட்டும் மேலே சொன்ன எதுவும் உதவாது: தண்ணீரைப் பாய்போல மூடிய அடர்செடி. அங்கே மெல்லிய நரம்போடு போனால் மீனும் போகும், ரிக்கும் போகும். தடித்த நரம்புக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: கொத்தியது எப்படித் தெரியும்?

வெடுக்கென்று இழுக்கும் என்று காத்திருந்தால் பாதி மீனைத் தவறவிடுவீர்கள். பல சமயம் நரம்பு கனத்துப்போகும், ஈரத்துணி மாட்டியதுபோல. சில சமயம் இறங்கிக்கொண்டிருந்த நரம்பு பாதியில் நின்றுவிடும், அல்லது பக்கவாட்டில் நடக்கும். சந்தேகம் வந்தால் மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுண்டி இழுக்காதீர்கள். முள் மெல்லியது, அது குத்துவதற்கு விசை தேவையில்லை. தொய்வைச் சுருட்டி, கனம் கையில் வந்ததும் ராடைச் சீராகப் பக்கவாட்டில் சாய்த்தால் தானே ஏறிவிடும். வாக்கி ரிக்கில் மட்டும் தாமதிக்கவே கூடாது, மீன் சட்டென்று விழுங்கிவிடும்.

படி 6: கொத்தவில்லையா?

மாற்றும் வரிசை இது: முதலில் இடம், அடுத்து ஆழம், அடுத்து எடை, அதற்குப் பிறகு ரிக், கடைசியில் நிறம். எடையை மாற்றுவது என்றால் இறங்கும் வேகத்தை மாற்றுவது. வெயில் காலம் என்பதால் எல்லாமே மெதுவாக இருக்க வேண்டும் என்றில்லை. 3 கிராம் நெட் தலைக்கு அசையாத மீன் 5 கிராம் தலை விர்ரென்று இறங்கும்போது பாய்ந்து கவ்வியதைப் பார்த்திருக்கிறேன். நிறத்துக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்தது, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும்.

படி 7: விடும்போது

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவை முதலில் தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள். முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்து எளிதில் கழற்ற முடியவில்லை என்றால் நோண்டாமல் நரம்பை வெட்டிவிடலாம்.

டிராப் ஷாட்டில் 9 மீட்டருக்குக் கீழிருந்து பிடித்தால் இன்னொரு தொல்லை இருக்கிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து மீனின் காற்றுப்பை ஊதிவிடும். விட்டால் உள்ளே போகமுடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும், மேல் தண்ணீரோ கொதிக்கும். அப்படி ஒரு மீன் மிதப்பதைப் பார்த்தால் அன்றைக்கு அந்த ஆழத்தை விட்டுவிட்டு நிழலோரம் போய்விடுவேன். குச்சிப்புழுவும் ரப்பர் வளையமும் எப்படியும் பெட்டியில் கிடக்கும்.